எப்போது புதிய சாட், எப்போது பழையது: டெஸ்க்டாப் ஏஐ செயலிகளில் உரையாடல்களைப் பராமரிக்கும் முறை

சாட்ஜிபிடி, கிளாட் போன்றவற்றின் டெஸ்க்டாப் செயலியானாலும் சரி, சொந்தக் கணினியிலேயே மாடலை (பதில்களை எழுதும் ஏஐயை) ஓட்டும் எல்எம் ஸ்டூடியோ, ஜான், ஒல்லாமா ஆனாலும் சரி, திரை ஏறத்தாழ ஒரே மாதிரிதான் இருக்கும். இடப்பக்கம் பழைய சாட்களின் பட்டியல், வலப்பக்கம் பேசும் இடம். அந்தப் பட்டியலை வெறும் வரலாறாக நினைத்துக்கொண்டு, ஒரே சாட்டில் வாரக்கணக்கில் எல்லா வேலையையும் கொட்டுகிறவர்கள் அதிகம். நாளாக ஆகப் பதில்கள் தடுமாறத் தொடங்கும். முன்பே சொன்னதை மறுபடி கேட்கும், வேண்டாம் என்றதைத் திரும்ப எழுதும். உடனே மாடல் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவார்கள். பெரும்பாலான நேரம் கெட்டது அந்தச் சாட்தான்.

ஒரு சாட்டுக்குள் என்ன நடக்கிறது

மாடலுக்கு இரண்டு கேள்விகளுக்கு இடையில் நினைவு என்று எதுவும் இல்லை. நீங்கள் இருபதாவது கேள்வியை அனுப்பும்போது, முந்தைய பத்தொன்பது கேள்விகள், அவற்றின் பதில்கள், இணைத்த கோப்புகளிலிருந்து எடுத்த உரை, செயலி மறைவாகச் சேர்க்கும் அறிவுறுத்தல்கள் எல்லாம் சேர்ந்து மறுபடி மாடலிடம் போகின்றன. அத்தனையையும் வைத்துக்கொண்டுதான் அது அடுத்த பதிலை எழுதுகிறது. ஏற்கெனவே கணக்கிட்ட பகுதியை கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) வைத்து நேரத்தை மிச்சப்படுத்துவார்கள். ஆனால் பதிலைத் தீர்மானிப்பது அந்த முழு உரைதான்.

இப்படி ஒரே தடவையில் மாடலால் எடுத்துக்கொள்ள முடிகிற உரையின் உச்ச அளவுக்கு கான்டெக்ஸ்ட் விண்டோ என்று பெயர். அதை டோக்கன் கணக்கில், அதாவது மாடல் உரையை உடைத்துப் படிக்கும் சிறு துண்டுகளின் எண்ணிக்கையில், அளக்கிறார்கள். தமிழில் எழுதுகிறவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 'க' என்பதற்கு 3 பைட். புள்ளி வைத்த 'க்' என்றால் புள்ளிக்குத் தனியாக 3, ஆக 6 பைட். உரையை டோக்கன்களாக உடைக்கும் டோக்கனைசர் தமிழைப் போதுமான அளவு பார்த்துப் பழகாததாக இருந்தால் ஒரே சொல் பல துண்டுகளாக உடைந்துபோகும். 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வெளியானபோது ஓப்பன்ஏஐ நிறுவனமே ஓர் ஒப்பீடு காட்டியது: ஒரே சிறு பத்தி பழைய டோக்கனைசரில் தமிழுக்கு 116 டோக்கன், ஆங்கிலத்துக்கு 27. புதியதில் தமிழுக்கு 35, ஆங்கிலத்துக்கு 24. இடைவெளி வெகுவாகக் குறைந்திருக்கிறது, ஆனால் மறையவில்லை. பழைய டோக்கனைசரோடு வரும் சிறிய உள்ளூர் மாடல்களில் தமிழ்ச் சாட் எதிர்பாராத வேகத்தில் நிரம்பிவிடும்.

நிரம்பினால் என்ன ஆகும் என்பது செயலிக்குச் செயலி மாறும். சில செயலிகள் 'இந்த உரையாடல் உச்ச நீளத்தை எட்டிவிட்டது' என்று நிறுத்திவிடும். சில, பழைய பகுதியைத் தானாகவே சுருக்கி எழுதிக்கொண்டு தொடரும். சில, சத்தமில்லாமல் மேலே இருப்பதை வெட்டி எறிந்துவிடும். எல்எம் ஸ்டூடியோவில் இதை நீங்களே தேர்ந்தெடுக்கலாம்: எல்லையில் நிறுத்துவது, நடுப்பகுதியை வெட்டுவது, பழையதிலிருந்து வரிசையாக உதிர்ப்பது என்று மூன்று வழிகள். முக்கியமான வேலை என்றால் முதலாவதை வையுங்கள். சத்தமில்லாமல் மேலிருந்து வெட்டும் முறையில் முதலில் போவது நீங்கள் சாட்டின் தொடக்கத்தில் கொடுத்த விதிகள்தான். திரையில் அவை அப்படியே தெரியும், ஆனால் மாடலின் கண்ணில் படாது. ஏமாற்றம் முழுக்க இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

நிரம்புவதற்கு முன்பே தரம் குறையவும் செய்யும். நீண்ட உரையில் தொடக்கத்திலும் கடைசியிலும் இருப்பதை மாடல்கள் நன்றாகப் பயன்படுத்துகின்றன, நடுவில் இருப்பதைத் தவறவிடுகின்றன என்று 2023-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. புதிய மாடல்களில் நிலைமை மேம்பட்டிருந்தாலும் போக்கு அதேதான். இதைவிடத் தொல்லை தருவது வேறொன்று: நீங்கள் நிராகரித்த பதில்களும் சாட்டிலேயே கிடக்கின்றன. தவறான நிரல், வேண்டாம் என்று சொன்ன நடை, பிழையான எண் எல்லாமே ஒவ்வொரு முறையும் மாடலிடம் திரும்பப் போகின்றன. 'அதை மறந்துவிடு' என்று எழுதினால் அது மறக்காது. மறக்கச் சொன்ன வாக்கியமும் மறக்க வேண்டிய விஷயமும் சேர்ந்தே போகும்.

புதிய சாட்டை எப்போது திறப்பது

ஒரு சாட்டுக்கு ஒரு தலைப்பு என்று சொல்வார்கள். நடைமுறையில் அது போதாது, ஏனென்றால் தலைப்பு ரப்பர் மாதிரி இழுபடும். ஒரு சாட்டுக்கு ஒரு விளைபொருள் என்று வைத்துக்கொள்வது உதவும். ஒரு கடிதம், ஒரு விரிதாள் சூத்திரம், ஒரு பிழையின் தீர்வு, ஓர் அத்தியாயத்தின் வரைவு. அது கையில் வந்ததும் சாட் முடிந்தது. அதே பொருளை மெருகேற்றும் வரை அதே சாட்டில் இருங்கள். முந்தைய வரைவுகளும் உங்கள் கருத்துகளும் மாடலுக்குத் தேவைப்படும். அடுத்த கடிதம் என்றால் அடுத்த சாட்.

வேலைக்கு நடுவே ஒரு துணைக்கேள்வி எழும். ஒரு சொல்லுக்குப் பொருள், ஒரு அலகு மாற்றம், சம்பந்தமில்லாத ஒரு சந்தேகம். அதை அங்கேயே கேட்காதீர்கள். இதற்காகத்தான் டெஸ்க்டாப் செயலிகளில் குட்டி ஜன்னல் இருக்கிறது. சாட்ஜிபிடி செயலியில் அதைத் திறக்க விண்டோஸில் ஆல்ட் + ஸ்பேஸ், மேக்கில் ஆப்ஷன் + ஸ்பேஸ். இந்தச் சேர்க்கையை ஏற்கெனவே வேறு செயலி பிடித்து வைத்திருந்தால் ஜன்னல் வராது. அமைப்புகளில் வேறு விசைகளுக்கு மாற்றிக்கொள்ளலாம். இன்னொன்றையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்: குட்டி ஜன்னல் ஒவ்வொரு முறையும் புதிய சாட்டைத் திறக்கிறதா, சற்று முன் அதில் பேசியதையே தொடர்கிறதா என்று. தொடர்வதாக இருந்தால் பத்துத் துணைக்கேள்விகள் ஒரே சாட்டில் சேர்ந்து ஒன்றையொன்று குழப்பும்.

முழு ஜன்னலில் புதிய சாட் திறக்க, சாட்ஜிபிடியில் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + ஓ. பழைய சாட்களில் தேட கண்ட்ரோல் + கே. கண்ட்ரோலோடு சாய்கோட்டை அழுத்தினால் எல்லா விசைச் சுருக்கங்களின் பட்டியலும் வரும். மேக்கில் பெரும்பாலும் கண்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட்.

இனிச் சாட்டை விட்டு வெளியேற வேண்டிய அறிகுறிகள். ஒரே திருத்தத்தை இரண்டு தடவை சொல்லியும் மூன்றாவது பதிலில் அதே தவறு வந்தால் அங்கே நேரத்தைச் செலவழிக்காதீர்கள். அந்தத் தவறு சாட்டின் உரையில் ஆழமாகப் பதிந்துவிட்டது. தொடக்கத்தில் கொடுத்த கோப்பைப் பற்றிக் கேட்டால் பொதுவாகப் பேசி மழுப்பினால், கோப்பு பார்வையிலிருந்து நழுவிவிட்டது என்று கொள்ளலாம். 'நான் முதலில் கொடுத்த விதிகளை வரிசையாகச் சொல்' என்று கேட்டுப் பாருங்கள். சொற்பிசகாமல் சொன்னால் பிரச்சினை வேறு எங்கோ இருக்கிறது. தோராயமாகச் சொன்னால் சாட்டை மாற்றும் நேரம்.

திருத்துவதும் கிளை பிரிப்பதும்

பதில் பிடிக்கவில்லை என்றால் பெரும்பாலோர் கீழே 'இல்லை, அப்படியில்லை' என்று எழுதுகிறார்கள். அதைவிட, மேலே போய்க் கேள்வியையே மாற்றுவது நல்லது. உங்கள் செய்தியின் மீது மவுஸைக் கொண்டுபோனால் பென்சில் குறி வரும். அதை அழுத்தி, விட்டுப்போன விவரத்தைச் சேர்த்து அனுப்பினால், அந்த இடத்திலிருந்து சாட் புதிய பாதையில் போகும். கெட்ட பதில் மாடலிடம் திரும்பப் போகாது. செய்தியின் அடியில் இரண்டு அம்புக்குறிகளோடு 2/2 என்பது போல எண் தெரியும். இடது அம்பை அழுத்தினால் பழைய பாதைக்குத் திரும்பலாம்.

இதில் ஆட்கள் பயந்துபோகும் ஓர் இடம் உண்டு. நடுவில் உள்ள செய்தியைத் திருத்தியதும் அதற்குக் கீழே இருந்ததெல்லாம் மறைந்துவிடும். அழிந்துவிட்டது என்று நினைத்து, மறுபடி தட்டச்சு செய்யத் தொடங்குவார்கள். அவை பழைய கிளையில் பத்திரமாக இருக்கின்றன. எண்ணின் பக்கத்து அம்பைத் தேடினால் போதும். ஆனால் எல்லாச் செயலியிலும் இப்படி அல்ல. சில உள்ளூர் செயலிகளில் செய்தியைத் திருத்துவது அந்த உரையை அப்படியே மாற்றிவிடும், பழையது எங்கும் சேமிக்கப்படாது. புதிய செயலி என்றால் முக்கியமில்லாத ஒரு சாட்டில் முதலில் சோதித்துப் பார்த்துவிடுங்கள்.

இரண்டு அணுகுமுறைகளை ஒப்பிட வேண்டும் என்றால், ஒரே சாட்டுக்குள் அம்புகளை வைத்து அலைவதைவிடத் தனிக் கிளையாகப் பிரித்துவிடுவது தெளிவு. சாட்ஜிபிடியில் 2025 செப்டம்பரிலிருந்து, பதிலின் அடியில் உள்ள மூன்று புள்ளி மெனுவில் புதிய சாட்டில் கிளை பிரிக்கும் வசதி இருக்கிறது. எல்எம் ஸ்டூடியோவில் ஒவ்வொரு செய்தியின் அடியிலும் கிளை பிரிக்கும் பொத்தான் உண்டு. முழுச் சாட்டையும் நகலெடுக்கவும் முடியும். பிரித்த கையோடு பெயரை மாற்றிவிடுங்கள். ஒரே பெயரில் இரண்டு சாட்கள் பட்டியலில் இருந்தால், ஒரு வாரம் கழித்து எது எது என்று யாருக்கும் தெரியாது.

கிளை பிரிப்பதற்குச் சரியான இடம், பின்னணி விவரங்கள் எல்லாம் கொடுத்து முடித்து, வேலை இன்னும் தொடங்காத இடம். அந்த ஒரு புள்ளியிலிருந்து எத்தனை முயற்சிகள் வேண்டுமானாலும் சுத்தமாகத் தொடங்கலாம். விவரம் தெரிந்தவர்கள் பின்னணியை மட்டும் கொண்ட ஒரு 'தாய்ச் சாட்'டை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வேலைக்கும் அதிலிருந்து பிரித்துக்கொள்வார்கள். தாய்ச் சாட்டில் நேரடியாக எதுவும் கேட்பதில்லை.

ஒப்படைப்புக் குறிப்பு

நீண்ட வேலையைப் புதிய சாட்டுக்கு மாற்றும்போது, பழையதை முழுக்க நகலெடுத்து ஒட்டுவது பயனற்றது. விட்டு வந்த குப்பை எல்லாம் கூடவே வரும். அதற்குப் பதிலாகப் பழைய சாட்டின் கடைசியில் இப்படிக் கேளுங்கள்:

'இந்த வேலையை வேறொருவர் தொடரப்போகிறார். அவர் இந்த உரையாடலைப் பார்க்க மாட்டார். அவருக்காக 400 சொற்களுக்குள் ஒரு குறிப்பு எழுது. வேலையின் நோக்கம், இதுவரை உறுதியான முடிவுகள், முயன்று கைவிட்டவை, கைவிட்ட காரணம், நான் கொடுத்த விதிகள், அடுத்துச் செய்ய வேண்டியது ஆகியவை இருக்க வேண்டும். நான் சொல்லாத எதையும் முடிவு என்று எழுதாதே.'

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். சுருக்கம் எழுதும்போது, தான் முன்வைத்த யோசனைகளை நீங்கள் ஒப்புக்கொண்ட முடிவுகளாக மாடல் மாற்றி எழுதுவது வழக்கமாக நடக்கும். அதனால் குறிப்பு வந்ததும் ஒரு முறை படித்து, கையால் திருத்திவிட்டுத்தான் புதிய சாட்டில் ஒட்ட வேண்டும். கைவிட்டவற்றைக் கேட்பதற்குக் காரணம், அவை இல்லாவிட்டால் புதிய சாட் முதல் வேலையாக அதே முட்டுச்சந்துக்குள் நுழையும்.

துல்லியமாக இருக்க வேண்டியவற்றைச் சுருக்கத்தில் நம்பாதீர்கள். நிரல், எண்கள், பெயர்கள், இறுதி செய்த பத்திகள் ஆகியவற்றை மூலத்திலிருந்தே நகலெடுங்கள். குறிப்பைக் கேட்கும் நேரமும் முக்கியம். சாட் நிரம்பி, தொடக்கம் வெட்டுப்பட்ட பிறகு கேட்டால், மாடல் தனக்குத் தெரிகிற பின்பாதியைத்தான் சுருக்கும், அதுவும் முழுமையானது போன்ற தோரணையில். வேலை பெரிதென்று தெரிந்தால் ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் ஒரு குறிப்பு வாங்கி, சாட்டுக்கு வெளியே ஒரு சாதாரண உரைக் கோப்பில் சேமித்து வாருங்கள்.

பெயர், தேடல், புராஜெக்ட்

செயலி தானாக வைக்கும் பெயர் உரையாடலின் தொடக்கத்தைப் பார்த்து எடுக்கப்படுவது. 'வணக்கம்' என்று தொடங்கினால் 'வணக்கமும் உதவியும்' என்று பெயர் வரும். வேலை ஓரளவு உருவானதும் பெயரை மாற்றுங்கள்: பொருள், வெளியீடு, நிலை. 'வாடகை ஒப்பந்தம் – வரைவு 2 – முடிந்தது' என்பது போல. பட்டியல் கடைசியாகப் பேசிய வரிசையில் அடுக்கப்படுவதால், பழைய சாட்டில் ஒரு வரி எழுதினாலும் அது மேலே வந்துவிடும். எனவே தேதி உங்களுக்கு முக்கியம் என்றால் அதைப் பெயரிலேயே 2025-03-14 என்ற வடிவில் எழுதுங்கள்.

தேடலில் தமிழுக்கே உரிய தொல்லைகள் இரண்டு. ஒரே விஷயத்தை ஒரு நாள் தமிழிலும் மறுநாள் தங்கிலீஷிலும் கேட்டிருப்போம். தேடல் பெட்டிக்கு அவை வெவ்வேறு சொற்கள். பெயரில் இரண்டு வடிவத்தையும் சேர்த்து வைத்தால் பிரச்சினை தீரும். மற்றொன்று கண்ணுக்குத் தெரியாதது: 'ொ' என்ற உயிர்மெய்க் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், 'ெ', 'ா' என்று இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். இரண்டையும் ஒன்றாகக் கருதாத தேடல், ஒரு வடிவத்தைக் கண்டுபிடிக்கும், மற்றதைக் கண்டுகொள்ளாது. கிடைக்க வேண்டிய சாட் கிடைக்கவில்லை என்றால் ஒ, ஓ, ஔ வரிசைக் குறிகள் இல்லாத வேறு சொல்லால் தேடிப்பாருங்கள். சில செயலிகள் தலைப்பில் மட்டுமே தேடும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

மேலே பின் செய்து வைப்பது நான்கைந்து சாட்களுக்கு மட்டும். எல்லாவற்றையும் பின் செய்தால் அதுவே இன்னொரு பட்டியல்.

ஒரே பின்னணியைத் திரும்பத் திரும்ப விளக்க வேண்டிய வேலைகளுக்குப் புராஜெக்ட் வசதியைப் பயன்படுத்துங்கள். கிளாடில் 2024 ஜூனிலும், சாட்ஜிபிடியில் அதே ஆண்டு டிசம்பரிலும் இது வந்தது. அறிவுறுத்தலையும் கோப்புகளையும் ஒரு முறை வைத்துவிட்டால், அதற்குள் திறக்கும் ஒவ்வொரு சாட்டுக்கும் அவை போய்ச் சேரும். சாட்டைச் சிறியதாக வைத்துக்கொண்டு பின்னணியை இழக்காமலிருக்க இதைவிட நல்ல வழி இல்லை. இங்கே பொதுவாக நடக்கும் தவறு, புதிய பதிப்பைப் பதிவேற்றிவிட்டுப் பழைய பதிப்பை நீக்காமல் விடுவது. மாடல் இரண்டையும் படித்து, இரண்டையும் கலந்து பதில் சொல்லும். எதை நம்ப வேண்டும் என்று அதற்குத் தெரியாது. அறிவுறுத்தலும் சுருக்கமாக இருக்கட்டும். அது ஒவ்வொரு கேள்வியோடும் சேர்ந்து போகிற உரை.

மறைப்பது வேறு, அழிப்பது வேறு

ஆர்க்கைவ் என்பது பட்டியலிலிருந்து மறைப்பது மட்டுமே. சாட்ஜிபிடியில் அமைப்புகளுக்குள் டேட்டா கண்ட்ரோல்ஸ் பகுதியில் ஆர்க்கைவ் செய்தவை எல்லாம் இருக்கும், அங்கிருந்து மீட்கலாம். அழித்ததை மீட்க வழியில்லை. சாட்ஜிபிடியில் அழித்த சாட் உங்கள் பார்வையிலிருந்து உடனே போகும்; நிறுவனத்தின் கணினிகளிலிருந்து 30 நாளுக்குள் நீக்கப்படும் என்பது அவர்களின் பொது விதி. சட்டக் கட்டாயம், பாதுகாப்பு போன்ற காரணங்களுக்கு விதிவிலக்கு உண்டு.

சாட்டை அழித்தால் அதோடு தொடர்புள்ள எல்லாம் அழிந்துவிடும் என்று நினைப்பது தவறு. மெமரி வசதி இயங்கிக்கொண்டிருந்தால், சாட்டிலிருந்து அது எடுத்துச் சேமித்த குறிப்பு தனியாக இருக்கும். அதை மெமரிப் பட்டியலில் போய்த் தனியாக நீக்க வேண்டும். புராஜெக்டில் பதிவேற்றிய கோப்பு, அதைப் பயன்படுத்திய சாட்டை அழித்தாலும் புராஜெக்டில் இருக்கும். பொதுவில் பகிர்ந்த இணைப்பு ஒரு புகைப்படம் மாதிரி அந்த நேரத்து உரையைக் காட்டும். யாராவது அதைத் தங்கள் கணக்கில் தொடர்ந்திருந்தால் அந்தப் பிரதி உங்கள் கையில் இல்லை. பகிர்ந்த இணைப்புகளின் பட்டியலையும் டேட்டா கண்ட்ரோல்ஸில் பார்க்கலாம், அவ்வப்போது பார்க்கவும் வேண்டும்.

கடவுச்சொல்லோ ஏபிஐ சாவியோ (ஒரு சேவையை நிரல் வழியாகப் பயன்படுத்தத் தரும் ரகசியக் குறியீடு) தவறி ஒட்டிவிட்டீர்கள் என்றால், சாட்டை அழிப்பது இரண்டாவது வேலை. முதல் வேலை அந்தச் சாவியையே ரத்து செய்து புதிது எடுப்பது. வரலாற்றில் நிற்கவே கூடாத கேள்விகளுக்குத் தற்காலிகச் சாட்டைத் திறங்கள். சாட்ஜிபிடியில் டெம்பரரி சாட், கிளாடில் இன்காக்னிட்டோ. மூடிவிட்டால் பட்டியலில் வராது என்பதால், விடையை மூடும் முன்பே நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

சொந்தக் கணினியில் ஓடும் மாடல்கள்

இங்கே சாட்கள் உங்கள் டிஸ்க்கில் இருக்கின்றன. அது வசதி, பொறுப்பும்கூட: பேக்கப் எடுக்க வேறு யாரும் இல்லை.

எல்எம் ஸ்டூடியோ ஒவ்வொரு சாட்டையும் ஒரு ஜேசன் கோப்பாக (தரவை உரை வடிவில் அடுக்கி வைக்கும் கோப்பு) வைக்கிறது. உங்கள் பயனர் ஃபோல்டரில், புள்ளியில் தொடங்கும் எல்எம்ஸ்டூடியோ ஃபோல்டருக்குள், கான்வர்சேஷன்ஸ் என்ற இடத்தில் அவை இருக்கும். மேக், லினக்ஸில் புள்ளியில் தொடங்கும் ஃபோல்டர்கள் மறைந்திருக்கும் என்பதால் பலருக்கு அவை கண்ணில் படுவதில்லை. ஜான் செயலி தன் டேட்டா ஃபோல்டருக்குள் திரெட்ஸ் என்ற இடத்தில் சாட்டுக்கு ஒரு ஃபோல்டர் வைக்கிறது. டேட்டா ஃபோல்டர் எங்கே என்பதை அதன் அமைப்புகளே காட்டும். இவற்றை நகலெடுத்து வைத்தாலே பேக்கப்.

உள்ளூர் மாடல்களோடு பிரவுசர் வழியாகப் பேச உதவும் ஓப்பன் வெப்யூஐ, எல்லாச் சாட்டையும் இயல்பாக ஒரே எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் (ஒரே கோப்பாக இருக்கும் தரவுத்தளம்) வைக்கிறது. இதில் இரண்டு விபத்துகள் திரும்பத் திரும்ப நடக்கும். செயலியைத் தனிப் பெட்டிக்குள் (கன்டெய்னர்) வைத்து ஓட்டும் டாக்கரில், அதற்குள் உள்ள ஆப், பேக்எண்ட், டேட்டா என்ற பாதையைப் பெட்டிக்கு வெளியே நிலைக்கும் ஒரு வால்யூமோடு (சேமிப்பிடம்) இணைக்காமல் விட்டால், புதிய பதிப்புக்காகக் கன்டெய்னரை நீக்கும் அன்று சாட்களும் போய்விடும். மற்றது, செயலி ஓடிக்கொண்டிருக்கும்போதே தரவுத்தளக் கோப்பை மட்டும் நகலெடுப்பது. கடைசி மாற்றங்கள் பக்கத்தில் உள்ள துணைக் கோப்பில் எழுதப்பட்டிருக்கலாம். அது இல்லாத நகலில் அண்மைய சாட்கள் இருக்காது. செயலியை நிறுத்திவிட்டு, முழு டேட்டா ஃபோல்டரையும் எடுங்கள்.

ஒல்லாமாவை டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் ஜன்னலில்) பயன்படுத்துகிறவர்களுக்குப் பட்டியலே இல்லை. சாய்கோட்டோடு சேவ் கட்டளையும் ஒரு பெயரும் கொடுத்தால் அந்த உரையாடல் சேமிக்கப்படும், லோட் கொடுத்தால் திரும்ப வரும். கிளியர் கொடுத்தால் மாடல் மாறாமல் உரையாடல் மட்டும் துடைக்கப்படும். வேலைக்கு வேலை இதைச் செய்யாதவர்கள்தான் அதிகம். இன்னொரு பொறியும் இருக்கிறது. மாடலின் விளக்கத்தில் 128 ஆயிரம் டோக்கன் என்று போட்டிருந்தாலும், ஒல்லாமா நெடுங்காலம் 2048, பிறகு 4096 என்ற சிறிய கான்டெக்ஸ்டைத்தான் இயல்பாக வைத்திருந்தது. அமைப்பை மாற்றாமல் நீண்ட தமிழ்க் கட்டுரையைக் கொடுத்துவிட்டு, மாடல் பாதியைப் படிக்கவில்லை என்று புலம்புவதில் பொருளில்லை.

அதற்காகக் கான்டெக்ஸ்டை உச்சத்துக்கு ஏற்றிவிடவும் முடியாது. ஒவ்வொரு டோக்கனுக்கும் மாடல் ஓர் இடைக்கணக்கை நினைவகத்தில் வைக்கிறது. மெட்டா நிறுவனத்தின் லாமா 3.1-ல் 8 பில்லியன் அளவுருக்கள் கொண்ட மாடலை எடுத்துக்கொண்டால், 32 அடுக்குகள், அடுக்குக்கு 8 கேவி (சாவி-மதிப்பு) தலைகள், தலைக்கு 128 எண்கள், எண்ணுக்கு 2 பைட், சாவி, மதிப்பு என இரண்டு தொகுதிகள். பெருக்கினால் டோக்கனுக்கு 128 கிலோபைட். 8192 டோக்கனுக்கு 1 ஜிபி, 32,768 டோக்கனுக்கு 4 ஜிபி, முழு 131,072 டோக்கனுக்கு 16 ஜிபி. நான்கு பிட்டாகச் சுருக்கிய மாடலே ஏறத்தாழ 5 ஜிபி பிடிக்கும். ஆக 8 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டில் 8192 நிம்மதியாக ஓடும். 32,768 வைத்தால் இடம் போதாமல் வேலை சாதாரண ராமுக்குத் தள்ளப்பட்டு, பதில் எழுத்தெழுத்தாக ஊர்ந்து வரும். சாட்டைச் சிறியதாக வைப்பதன் பலன் இந்தச் செயலிகளில்தான் கண்கூடாகத் தெரியும்.

வெளியே எடுத்து வைப்பது

சாட்ஜிபிடியில் அமைப்புகள், டேட்டா கண்ட்ரோல்ஸ், எக்ஸ்போர்ட். மின்னஞ்சலில் வரும் இணைப்பு 24 மணி நேரத்தில் காலாவதியாகும், வந்ததும் இறக்கிவிடுங்கள். கிளாடில் இதே வசதி பிரைவசி பகுதியில் இருக்கிறது. சாட்ஜிபிடியின் ஜிப் கோப்புக்குள் படிப்பதற்கு ஒரு எச்டிஎம்எல் பக்கமும், முழுத் தரவுள்ள ஜேசன் கோப்பும் இருக்கும். நீங்கள் திருத்திக் கைவிட்ட கிளைகளும் ஜேசனில் இருக்கும். பெரிய ஜேசனை நோட்பேடில் திறந்தால் உறைந்து நின்றுவிடலாம். வாசிக்க எச்டிஎம்எல்லை பிரவுசரில் திறப்பதே போதும்.

ஜேசன் கோப்புக்குள் தமிழ்ச் சொல்லைத் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் கோப்பு காலி என்று முடிவு கட்ட வேண்டாம். பல செயலிகள் தமிழ் எழுத்துகளை அப்படியே எழுதாமல், பின்சாய்கோட்டோடு தொடங்கும் யூனிகோடு எண்களாக மாற்றி எழுதும். ஒரு ஜேசன் வாசிப்பானில் திறந்தால் தமிழ் திரும்பத் தெரியும்.

தனிச் சாட்டைப் பிடிஎஃப்பாக அச்சிட்டு வைப்பதைத் தவிர்க்கலாம். பார்க்க அழகாக இருக்கும். அதிலிருந்து தமிழை நகலெடுத்தால் கொம்புகளும் கால்களும் இடம் மாறிச் சிதைந்து வருவது சகஜம். யூடிஎஃப்-8 உரைக் கோப்பாகவோ மார்க்டவுனாகவோ (எளிய குறிகளோடு எழுதும் உரை வடிவம்) வைப்பது நல்லது. எக்ஸ்போர்ட் செய்ததைச் சாட்ஜிபிடிக்குள்ளேயே திரும்ப ஏற்றிச் சாட்களாக்க முடியாது. ஓப்பன் வெப்யூஐ அந்தக் கோப்பை இறக்குமதி செய்துகொள்ளும்.

சாட் காணவில்லை என்றால்

அழிந்துவிட்டது என்று முடிவு செய்யும் முன் வரிசையாகப் பாருங்கள். முதலில் எந்தக் கணக்கில் நுழைந்திருக்கிறீர்கள் என்று. அலுவலக மின்னஞ்சலுக்கும் சொந்த மின்னஞ்சலுக்கும் தனித்தனி வரலாறு. ஒரே மின்னஞ்சலில் குழுக் கணக்கு இருந்தால் அதற்கும் தனி. பிறகு ஆர்க்கைவ். பிறகு புராஜெக்டுகளின் உள்ளே, ஏனென்றால் புராஜெக்டுக்குள் நகர்த்திய சாட் பொதுப் பட்டியலில் தெரியாமல் போகலாம். உள்ளூர் செயலி என்றால் டேட்டா ஃபோல்டரின் பாதை மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மறுநிறுவலுக்குப் பிறகு செயலி புதிய காலி ஃபோல்டரைக் காட்டிக்கொண்டிருக்க, பழையது பக்கத்திலேயே கிடக்கும். இத்தனையும் பார்த்துக் கிடைக்காவிட்டால், அது தற்காலிகச் சாட்டாக இருந்திருக்கும் அல்லது யாரோ அழித்திருப்பார்கள். அப்போது முந்தைய எக்ஸ்போர்ட்டில் தேடுவதுதான் மிச்சம்.